தாழ்ப்பாள் வரைக்கும்

எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவுகிற இடம் சமையல்கட்டு மூலையில் இருக்கிறது. சாண் உயரத்துக்கு ஒரு கட்டு. உள்ளே ஒரு ஆள் உட்காரலாம். அங்கே வைத்துத்தான் என் வீட்டுக்காரர் என்னைக் குளிப்பாட்டினார்.

ஒரு மழைக்காலம் முழுக்க அப்படிப் போனது. பிளாஸ்டிக் ஸ்டூல் போடுவார். கையைப் பிடித்து உட்கார வைப்பார். தண்ணீர் ஊற்றுவார், சோப்புப் போடுவார். எனக்கு இடது பக்கம் மார்பு இல்லை. அந்தப் பக்கம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். அருவருப்பினால் இல்லை என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய. காலையில் இட்லி தின்ற தட்டு என் காலடியில் கிடக்கும். தட்டைக் கழுவுகிற இடத்தில் என்னையும் கழுவினார்.

நான் கேட்டது பெரிய விஷயம் இல்லை. நானே குளிக்க வேண்டும். சாகிற வரைக்கும் நானே குளிக்க வேண்டும். அவ்வளவுதான்.

நாங்கள் இருப்பது பெங்களூர் பீன்யாவில், தொழிற்பேட்டைக்குப் பின்னால். ஒரு காம்பவுண்டில் வரிசையாக ஆறு வீடு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, ஆள் உட்கார மட்டும் இடமுள்ள ஒரு கக்கூஸ். பாத்ரூம் எல்லாருக்கும் பொது, காம்பவுண்டின் கடைசியில். எங்களுடையது முதல் வீடு. குளிக்கப் போக மற்ற எல்லா வாசலையும் தாண்ட வேண்டும். நன்றாக இருந்த காலத்தில் ஒரு கையில் வாளி, ஒரு கையில் துணி, வாயில் பிரஷ் என்று போவேன். அது ஒரு தூரம் என்றே தோன்றியதில்லை.

நான் ஏழாவது வரைக்கும் படித்தவள். கோலார் தங்கவயலில் தமிழ்ப் பள்ளிக்கூடம். அதற்கு மேல் ஏறவில்லை. கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து இங்கே வந்து ஒரு ஃபேக்டரியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். புஷ் வரும். இரும்பில் செய்த சின்னக் குழாய் மாதிரி இருக்கும். அதன் துளைக்குள் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். கேஜுக்கு இரண்டு முனை. ஒரு முனை உள்ளே போக வேண்டும், அது கோ. இன்னொரு முனை போகக் கூடாது, அது நோ-கோ. கோ போய், நோ-கோ போகாமல் இருந்தால் நல்ல பீஸ். இல்லையென்றால் ரிஜெக்ட் பெட்டி. ஷிப்ட் முழுக்க நின்றே வேலை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். கால் வலிக்கும். வலிக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் வலிக்கும்.

பிறகு மார்பில் கட்டி வந்தது. எடுத்தார்கள். கீமோ கொடுத்தார்கள். முடி போனது, வந்தது. திரும்ப வேலைக்குப் போனேன். கொஞ்ச காலம் கழித்து இருமல். படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் இருந்தது. இனிமேல் முழுசாகப் போகாது, மாத்திரையில் கட்டி வைக்கலாம் என்றார் டாக்டர்.

“எவ்ளோ நாளைக்கு சார்?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

“பார்க்கலாம்” என்றார் டாக்டர்.

வேலையைப் பர்மனன்ட் பண்ணுங்கள் என்று கேட்டபோதெல்லாம் ஃபேக்டரியில் எங்களுக்குச் சொன்ன பதிலும் அதுதான். எனக்குப் புரிந்தது.

நுரையீரல் என்று கேட்டதோடு என் வீட்டுக்காரர் என்னைக் கட்டிலில் போட்டுவிட்டார். அவர் செய்ததற்குக் காரணம் உண்டு. என் மாமனார் தங்கச் சுரங்கத்தில் பாறையில் துளை போட்டவர். கல்தூசி நெஞ்சில் ஏறிவிட்டது. சுரங்கத்து ஆட்களுக்குக் கட்டின அந்த லைன் வீடுகளில் அப்படி எத்தனையோ ஆம்பிளைகள். மூச்சு வாங்க ஆரம்பித்தால் அங்கே ஒரே வைத்தியம். கதவோரமாகக் கட்டிலைப் போட்டு ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். நடக்கக் கூடாது, பேசக் கூடாது, தண்ணீர்கூட மொள்ளக் கூடாது. எதிர் வரிசையில் ஒருவர் பேச்சைக் கேட்காமல் மார்க்கெட்டுக்கு நடந்தார். பாதி வழியில் விழுந்து செத்துப்போனார். என் மாமனார் படுத்தார், நாலு வருஷம் இருந்தார். என் வீட்டுக்காரருக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

“மூச்சு ரேஷன் மாதிரிம்மே. இவ்ளோதான்னு அளந்து குடுத்திருக்கான். நடந்து தீத்துடாத” என்பார்.

அந்த நாலு வருஷத்தை நானும் பார்த்தேன். கல்யாணமாகிப் போன புதுசு. மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். கடைசியில் இரண்டு காலும் குச்சியாகிவிட்டன. திரும்பிப் படுக்கவே இரண்டு பேர் வேண்டும். அதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. இருந்தார் என்று மட்டும் சொல்வார்கள்.

நானும் படுத்தேன். சுஸ்து அப்படி. சுஸ்து என்றால் வேலை செய்த களைப்பு இல்லை. தூங்கி எழுந்தாலும் போகாது. எலும்புக்குள் ஈரமணலைக் கொட்டின மாதிரி இருக்கும். படுத்தால் குறையும் என்று படுத்தேன். படுக்கப் படுக்க ஏறியது. முதலில் சமைப்பதை விட்டேன். பிறகு துணி. பிறகு தலை வாருவது. ஓசூரில் கட்டிக் கொடுத்த மகள் கைக்குழந்தையோடு வந்து நிற்கிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். கடைசியாகக் குளியல் போனது.

மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கீழே ஒரு ரூமுக்கு அனுப்பினார். உடற்பயிற்சி சொல்லித் தருகிற இடம் அது. அங்கே ஒரு பெண் இருந்தது. கன்னடக்காரப் பெண், என் மகள் வயசு. ஓரளவு தமிழ் பேசியது. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தது.

“அம்மா, கையை ஊனாம எழுந்திருங்க பார்க்கலாம்.”

எழப் பார்த்தேன், எழவில்லை. உடம்பு முன்னால் போய்த் திரும்ப உட்கார்ந்தது. இன்னொரு தரம் பார்த்தேன். அதே. ஷிப்ட் முழுக்க நின்றவள் நான். நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

“நோய் கால்ல வந்துடுச்சா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. இது நோயால இல்ல. படுத்து படுத்து வந்தது.”

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“நடீபேக்கும்மா. நடக்கணும். ஸ்வல்ப ஸ்வல்ப, கொஞ்சம் கொஞ்சமா, தினமும்” என்றது அந்தப் பெண்.

“நடந்தா நோய் போயிடுமா?”

“போகாதும்மா. சுஸ்து குறையும். கால்ல பலம் வரும். உங்க வேலையை நீங்களே பண்ணிக்கலாம்.”

“குளிக்கலாமா?”

“குளிக்கலாம்.”

பொய் சொல்லாத பெண் அது. அதனால் அதன் பேச்சைக் கேட்டேன். இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. பேசிக்கொண்டே நடப்பது. நடக்கும்போது வாயில் பேச்சு வர வேண்டும், வராவிட்டால் நின்றுவிட வேண்டும், நெஞ்சு வலித்தாலும் நின்றுவிட வேண்டும் என்றது.

ஆட்டோவில் என் வீட்டுக்காரர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது சொன்னார்.

“அந்தப் பொண்ணுக்கு என்னா தெரியும். நெஞ்சுல தூசி ஏறினவனை அது பாத்திருக்கா?”

“எனக்குத் தூசி இல்லீங்களே.”

“எல்லாம் ஒண்ணுதான். நெஞ்சு ஒண்ணுதானே இருக்கு.”

மறுநாள் என் செருப்பைக் காணோம். பரண்மேல் போட்டிருந்தார்.

அவர் காலை ஷிப்டுக்குப் போனதும் வெறுங்காலோடு எழுந்தேன். கட்டிலிலிருந்து எழுவதற்கே கதவு நிலையைப் பிடித்தேன். வாசலில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். திருவண்ணாமலைப் பக்கத்துப் பெண், கார்மென்ட்ஸில் தைக்கிறவள், அன்றைக்கு மதியம் ஷிப்ட். வாய் ஓயாது.

“என்னாக்கா, காத்துக்கு விழுந்துடப் போற. எங்க கெளம்பிட்ட?”

“நடக்கணும்.”

“எதுவரிக்கும்?”

“உன் வாசல் வரைக்கும்.”

“அட, பஸ் ஏறி வர்ற தூரமாச்சே” என்று துணியைப் போட்டுவிட்டு வந்தாள். என்னைப் பிடிக்க வரவில்லை. பக்கத்தில் மட்டும் நடந்தாள். அதற்காகவே அவளைப் பிடிக்கும்.

“பேசிக்கிட்டே நடக்கணுமாம்” என்றேன்.

“நீயா? கல்யாணம் ஆனதுலருந்து அண்ணாகிட்ட மொத்தமா பத்து வார்த்தை பேசியிருப்பியா? நோய்க்காரி ஆனதும் சங்கம் வெச்சு பேசப் போறியா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் இருமல் வந்தது. இருமி முடித்து நின்றேன். என்ன பேச என்று தெரியவில்லை. வாயில் வந்தது ஃபேக்டரிப் பேச்சுதான். ஒரு கால் வைத்து கோ என்றேன். மறுகால் வைத்து நோ-கோ என்றேன். கோ, நோ-கோ. அவள் வாசல் வந்துவிட்டது.

“இது என்னா மந்திரம்?” என்றாள்.

அவள் வாசல்படியில் உட்கார்ந்தேன். திரும்பி வர உடம்பில் ஒன்றுமில்லை. ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துதான் வந்தேன். படுத்தபோது கால் இரண்டும் நடுங்கின. ஆனால் அது வேறு களைப்பு. ஷிப்ட் முடிந்து வந்தால் வருமே, அந்தக் களைப்பு. பழகினது. அன்றைக்குத் தூங்கினேன்.

அப்படியே போனது. வாசல் வாசலாகத் தாண்டினேன். சில நாள் எழவே முடியாது. சில நாள் பாதியில் திரும்புவேன். மூன்றாவது வீட்டு ஆள் ஒருநாள் கன்னடத்தில் சொன்னார், இந்த நிலைமையில் எதற்கம்மா வெளியே வருகிறாய், பார்க்கப் பாவமாக இருக்கிறது என்று. பாவமாக இருந்தால் நீங்கள் உள்ளே போங்கள் என்று என் பக்கத்து வீட்டுக்காரி அவருக்குப் பதில் கொடுத்தாள். நான் கோ, நோ-கோ சொல்லிக்கொண்டே போனேன்.

பாத்ரூம் வரைக்கும் போனேன். கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். அடுத்த நாளும் தொட்டுவிட்டுத் திரும்பினேன். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி கேட்காமலே வெந்நீர் வாளியைக் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். ஸ்டூலையும் போட்டாள்.

“நான் கடைக்குப் போறேன்கா” என்று போய்விட்டாள்.

உள்ளே போனேன். தாழ்ப்பாள் போட்டேன். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எத்தனையோ மாசத்துக்குப் பிறகு என்னை யாரும் பார்க்காத ஒரு இடம். உட்கார்ந்தேன். மக்கில் பாதி பாதியாக மொண்டு ஊற்றினேன். இடது பக்கம் நானே சோப்புப் போட்டேன். தையல் போட்ட இடத்தை நானே தடவிப் பார்த்தேன். அழவில்லை. தண்ணீர் தீர்ந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

வெளியே ஓடுகிற சத்தம் கேட்டது. கதவு அதிர்ந்தது. என் வீட்டுக்காரர். கம்பெனியில் கரண்ட் போய்ச் சீக்கிரம் விட்டிருக்கிறார்கள். வந்து பார்த்தால் கட்டில் காலி.

“ஏம்மே! உள்ள இருக்கியா? தெறம்மே! தெற!”

“குளிச்சிட்டு இருக்கேன்.”

“யாரு குளிப்பாட்டுறா?”

“யாருமில்ல.”

துணி உடுத்தித் திறந்தேன். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். யூனிபாரம் சட்டை நனைந்திருந்தது. ஓடி வந்த வியர்வை. எழுந்து வாளியை எடுத்துக்கொண்டார். என் கையைப் பிடிக்க வந்தார், பிடிக்கவில்லை. பின்னாலேயே வந்தார். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே போட்டார்.

“போதும். இப்ப படு” என்றார்.

அது நல்ல காலம். மழை விட்டுக் குளிர் வந்தது. அவர் வெந்நீர் வாளியைக் கொண்டுபோய் வைப்பார். நான் நடந்து போவேன். தாழ்ப்பாள் போடுவேன். அவர் வெளியே நின்று, யாராவது வந்தால் அப்புறம் வா என்று அனுப்புவார். சுஸ்து போகவில்லை, குறைந்தது. சாப்பாடு இறங்கியது. ஒருநாள் சாம்பார் வைத்தேன். உப்பு அதிகம். அவர் சொல்லவில்லை. நாற்காலியிலிருந்து கை ஊனாமல் எழுவேன். இன்னும் கொஞ்சம் நடந்தால் தெருமுனை வரைக்கும் போகலாம், அதற்குப் பிறகு பஸ் ஸ்டாப் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

திரும்பப் படம் எடுத்தார்கள். வளர்ந்திருந்தது. இந்த மாத்திரை இனிமேல் கேட்காது என்றார் டாக்டர். நான் நடந்ததால்தான் இப்படி ஆனதா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நடந்ததால் வளரவில்லை என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஆட்டோவுக்கு நிற்கும்போது சொன்னார்.

“பாத்தியா. ரேஷன் தீந்துபோச்சு.”

“டாக்டர் என்னா சொன்னாரு?”

“டாக்டர் சொல்லுவாரு. எங்க லைன்லயும் டாக்டரு இருந்தாரு. யாரு பொழச்சா?”

ஆட்டோ வந்தது. ஏறினோம். டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனாலும் மூச்சு வாங்கும்போது அந்தப் பேச்சு மனசில் வந்துவிடும். பேசாமல் படுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் இருந்திருப்பேனோ என்று. வராமல் இருக்குமா. ஒரே கூரைக்குக் கீழே அவர் நம்புவது எனக்கும் ஒட்டும்.

அடுத்த முறை போனபோது கீழே இருக்கிற அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

“நீ சொன்ன மாதிரி குளிச்சேன்” என்றேன்.

அதற்கு முகம் மலர்ந்தது. பிறகு ரிப்போர்ட்டைப் படித்தது. என் கையைப் பிடித்துக்கொண்டது.

“இன்னும் எவ்ளோ நாள் நடப்பேன்?”

“கொத்தில்லம்மா. தெரியல. எவ்வளவு முடியுதோ அவ்வளவு. உட்கார்ந்து எழுறதை மட்டும் விடாதீங்க.”

அப்போதும் பொய் சொல்லவில்லை.

பிறகு தாண்டின வாசல்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. முதலில் பாத்ரூம் போனது. வழியில் உட்கார ஒரு ஸ்டூலை வைத்தாள் பக்கத்து வீட்டுக்காரி. பிறகு அந்த ஸ்டூலையே அவள் வாசலில் போட்டாள். கோ, நோ-கோ என்று சொல்ல வாய் வரவில்லை. வாய் வராவிட்டால் நிற்க வேண்டும். நின்றேன்.

“அக்கா, சும்மா இரு. நான் பேசுறேன், நீ நட” என்றாள். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என் காலும் நின்றுவிட்டது.

பாத்திரம் கழுவுகிற இடத்துக்குத் திரும்பினேன். அதே ஸ்டூல். அவர் தண்ணீர் மொள்ளக் குனிந்தார்.

“நீங்க வெளிய போங்க” என்றேன்.

“விழுந்துடுவ.”

“விழுந்தா சத்தம் கேக்கும். ஒடச்சிக்கிட்டு வாங்க.”

போனார். வாசல் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் மேலே இருக்கிறது. ஆபரேஷன் பண்ணின பக்கம் கை மேலே ஏறாது. வலது கையைத் தூக்கினால் மூச்சு நிற்கிறது. சும்மா சாத்திவைத்துவிட்டுக் குளித்தேன். பாதி உடம்புதான் நனைந்தது. அவர் கதவுக்கு வெளியேதான் நின்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது பாக்கெட்டில் ஒரு தாழ்ப்பாள் வைத்திருந்தார். கதவில் என் இடுப்பு உயரத்துக்கு வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். நான் கேட்கவில்லை. இரண்டு தரம் போட்டு, திறந்து பார்த்தார். கொஞ்சம் எண்ணெய் விட்டார்.

அதற்குப் பிறகு என் நடை அதுதான். ஸ்டூலிலிருந்து எழுந்து ரூமைத் தாண்டி வாசல் கதவு வரைக்கும். தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் திரும்பி வருவேன். குளித்துவிட்டுப் போய்த் திறப்பேன். கட்டில், பீரோ, சுவர் என்று பிடித்துக்கொண்டு போவேன். சின்ன ரூம். ஃபேக்டரிக்குப் பஸ் பிடிக்க ஓடினதைவிடத் தூரமாக இருந்தது. உட்கார்ந்து எழுவதை விடவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போதெல்லாம் படு என்று சொல்வதில்லை. நான் எழும்போது அவர் முழங்காலும் லேசாக அசையும்.

தைரியம் வந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். வரவில்லை. காலையில் கண் திறக்கும்போது இன்றைக்குமா என்றுதான் இருக்கிறது. மாமனார் ஏன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. மனுஷர் முகத்தைப் பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

நேற்றைக்கு முன்தினம் பீரோ வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கதவுக்கு வெளியே அவர் காத்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை.

“போட்டியாம்மே?”

“இல்ல.”

பிறகு கதவு நிலையோடு இறுகியது. வெளியிலிருந்து கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“புடிச்சிருக்கேன். யாரும் வரமாட்டாங்க. நீ குளி” என்றார்.

நான் திரும்பிப் போய்க் குளித்தேன். மெதுவாகத்தான். ரொம்ப நேரம் ஆனது. அவர் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கேட்பது கேட்டது.

“என்னாண்ணா, கதவு ஓடிப் போயிடுமா?”

கதவு இன்னும் கொஞ்சம் இறுகியது.

இன்றைக்கும் தண்ணீர் வைத்தார். வெளியே போய்க் கதவை இழுத்துப் பிடித்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மக்கை வாளியில் விட்டேன். தண்ணீர் நிரம்பியது. தூக்கினேன், வரவில்லை. பாதியைக் கொட்டிவிட்டுத் தூக்கினேன். வரவில்லை. கால் பங்கு வைத்துப் பார்த்தேன். கை முழங்கால் வரைக்கும் வந்து நின்றது. மூச்சு அதற்கு மேல் விடவில்லை. வாளியில் ஆவி போய்க்கொண்டிருந்தது. ஆறட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ஆறிய பிறகும் கை வரவில்லை.

கதவு அப்படியே இறுகி இருந்தது.

“என்னங்க” என்றேன்.

“ம்.”

“கதவை விடுங்க. உள்ள வாங்க.”